தைப்பிங் ஏரியைச் சுற்றி அப்பாவோடு நடக்க வேண்டும்: பினாங்கிலிருந்து ஒரு நாள் போதுமா?

ஆயர் ஈத்தாம் மகள் | வெள்ளி, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. போன வருடம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஃபிளாட்டுக்குக் கீழே கார்களுக்கு நடுவில் நடப்பார். நாலு நாள் நடப்பார், ஐந்தாம் நாள் "அதே தூணை எத்தனை தடவைதான் சுத்துறது?" என்று உட்கார்ந்துவிடுவார். தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனால் நன்றாகத்தான் நடக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் வாசலைத் தாண்டும்போது சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு. தைப்பிங் ஏரி மாதிரி வராது."

அவர் பிறந்தது பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில். தாத்தாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. அப்பாவுக்குப் பத்து வயதானபோது தாத்தாவுக்குப் பட்டர்வொர்த்துக்கு மாற்றல் கிடைத்து எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். அப்புறம் ஓரிரு கல்யாணங்களுக்குப் போனதோடு சரி. அந்த ஏரியை அவர் பார்த்து 40 வருடத்துக்கு மேல் ஆகிறது.

அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? பாதை முழுக்கச் சமதரையா, ஏற்றம் இருக்கிறதா? உட்கார நிழல் இருக்குமா? ரயிலா, காரா? அவர் ரயில்தான் என்கிறார், தம்பி கார்தான் என்கிறான். போனவர்கள் சொல்லுங்கள்.

கமுந்திங் பையன் | வெள்ளி, இரவு 9.48

அக்கா, நான் அந்த ஊர்க்காரன். வேலைக்காகத்தான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் இன்னமும் தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில்தான்.

ஏரிப் பக்கம் ஏற்றமே கிடையாது. பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நின்றுதான் அந்த ஏரிகள் உண்டாயின. சின்னதும் பெரியதுமாகப் பத்து ஏரி, குளங்கள். எல்லாம் சேர்த்து 64 ஹெக்டர். ஆனால் உங்கள் அப்பா முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு பாதை இருக்கிறது. மரங்கள் சாலைக்கு ஒருபக்கம் நிற்கும், கிளைகள் சாலையைக் கடந்து மறுபக்கம் ஏரித் தண்ணீர்வரை தாழ்ந்திருக்கும். முன்பு அதில் கார் ஓடியது, இப்போது வண்டி விடுவதில்லை, நடப்பவர்களுக்கு மட்டும்தான். உங்கள் அப்பா "தைப்பிங் ஏரி" என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இந்த இடமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: மழை. காலையிலேயே போய்விடுங்கள்.

கொமுட்டர் பயணி | வெள்ளி, இரவு 10.05

ரயிலில் தாராளமாகப் போகலாம். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து ஜெட்டிக்கு வாருங்கள், ஃபெரியில் அந்தப் பக்கம் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து மையம், அதை ஒட்டியே பட்டர்வொர்த் ரயில் நிலையம். அங்கிருந்து கொமுட்டர் (எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயில்) நேராகத் தைப்பிங் போகிறது: புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய், கமுந்திங், அடுத்து தைப்பிங். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இ.டி.எஸ். என்ற விரைவு மின் ரயில் அதைவிடச் சீக்கிரம் போகும், ஆனால் கட்டணம் கூடுதல், முன்பதிவும் செய்ய வேண்டும்.

அப்பாவின் ஐசியை (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு.

முந்தைய நாள் இரவே நேர அட்டவணையைப் பாருங்கள். கொமுட்டர் அடிக்கடி ஓடாது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கும். திரும்பி வரும் வண்டியின் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப போகும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

தண்ணீர்மலை நடையர் | வெள்ளி, இரவு 10.31

அம்மா, நான் 67 வயதில் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிவரை ஜீப் பாதையில் மாதம் இருமுறை ஏறுகிறேன். ஐந்து கிலோமீட்டர், உச்சி 833 மீட்டர். எனக்கும் ஒரு காலத்தில் டாக்டர் இதே கதையைத்தான் சொன்னார். வயதானவர்களை நாம்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம்.

தைப்பிங் போனால் மெக்ஸ்வெல் மலையை விட்டுவிடாதீர்கள். இப்போது புக்கிட் லாருட் என்கிறார்கள், 1979-இல் பெயர் மாறியது. நாட்டின் மிகப் பழைய மலை வாசஸ்தலங்களில் ஒன்று, 1884-இல் தொடங்கியது. அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரமாவது ஏறச் சொல்லுங்கள். அந்தக் குளிர்ந்த காற்று உடம்பில் பட்டாலே தெம்பு வரும்.

நர்ஸ் அக்கா | வெள்ளி, இரவு 11.02

ஐயா, உங்கள் ஆரோக்கியம் சந்தோஷம் தருகிறது. ஆனால் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடமான 74 வயதுக்காரரை எடுத்தவுடன் மலை ஏறச் சொல்லாதீர்கள். நான் 20 வருடம் இதய நோயாளிகள் வார்டில் வேலை பார்த்தவள், அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

தங்கச்சி, அப்பா தட்டையான பாதையில் ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் நடக்கிறார் என்று முதலில் பாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாடத் தோன்றக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதை ஒரே நாளில் நடந்து முடிக்க வேண்டியதில்லை! பத்து நிமிடம் நடை, ஐந்து நிமிடம் உட்காருதல் என்று போனால் அவருக்கே களைப்புத் தெரியாது.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கவே கூடாது. ரயிலில் ஏறும் முன் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிடட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அது உங்கள் பையில் இருக்கக் கூடாது, அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய சப்பாத்துப் போடச் சொல்லுங்கள்.

கமுந்திங் பையன் | வெள்ளி, இரவு 11.15

புக்கிட் லாருட் பற்றி நானும் சொல்கிறேன். உச்சிக்குப் போகும் தார்ச்சாலை பத்து கிலோமீட்டருக்கு மேல். எழுபதுக்கும் அதிகமான கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு நடுவழியிலிருக்கும் டீ கார்டன் ஹவுஸ்வரை ஏறியிருக்கிறோம். அதற்கே மறுநாள் தொடை வலித்தது. மழை பெய்துவிட்டால் அட்டை வேறு. மண் சரிந்து பாதையை அடைப்பதும் உண்டு, அதனால் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

ஏரிக்கரையில் நின்றாலே அந்த மலை முழுசாகத் தெரியும். காலையில் பாதி மலை மேகத்துக்குள் இருக்கும். அப்பாவுக்கு அது போதும்.

தண்ணீர்மலை நடையர் | சனி, காலை 6.10

நர்ஸ் அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் உடம்பை வைத்து மற்றவர் உடம்பைப் பேசியது தவறு. மலையை விட்டுவிடுங்கள் அம்மா.

ஆயர் ஈத்தாம் மகள் | சனி, காலை 8.40

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும்தான். மாத்திரை விஷயத்தை நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. அது என் கைப்பையில்தான் இருந்தது, இப்போதே மாற்றிவிட்டேன். நடை 15 நிமிடம் வருகிறது.

ரயிலில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. போன வருடம் வேறோர் ஊருக்குப் போனபோது இறங்கிய நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அப்பா அத்தனை படியையும் ஏறி, மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தம்பி கார் என்று பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான்.

கொமுட்டர் பயணி | சனி, காலை 9.12

பயம் நியாயமானது. அப்படியென்றால் போகும்போது ரயில், தம்பி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வரட்டும். பாலத்தைக் கடந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் அவர் உங்களுக்கு முன்பே வந்துவிடுவார். அப்பாவுக்கு ரயில் ஆசையும் தீரும், களைத்துவிட்டால் திரும்பும்போது காரில் சாய்ந்து தூங்கவும் செய்யலாம். தைப்பிங் நிலையத்தில் இறங்கியதும் அவசரப்படாதீர்கள். கூட்டம் போகட்டும், கடைசியாக வெளியே வாருங்கள்.

நிலையத்திலிருந்து ஏரி இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தை நடக்க வைக்காதீர்கள். நடையெல்லாம் ஏரிக்கரைக்கு மிச்சம் இருக்கட்டும்.

பழைய ஆசிரியர் | சனி, காலை 10.30

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தைப்பிங்கில் எட்டு வருடம் பாடம் நடத்தியவன் நான். உங்கள் அப்பா எந்த மண்ணில் நடக்கப் போகிறார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது பேச விஷயம் இருந்தால் கால் வலி தெரியாது.

அந்த இடத்தின் பழைய பெயர் கிளியான் பாவ். லாங் ஜாபார் என்ற மலாய்ப் பிரமுகரின் யானை ஒன்று காணாமல் போய், திரும்பி வந்தபோது அதன் உடம்பெல்லாம் ஈய மண் ஒட்டியிருந்தது என்பது ஊரில் சொல்லும் கதை. யானையின் பெயர் லாருட், வட்டாரத்தின் பெயரும் அதுவேயானது என்பார்கள். அப்புறம் ஈயத்துக்காகச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்களுக்கு இடையே 1861 முதல் 1874 வரை நான்கு முறை சண்டை. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம். சண்டை ஓய்ந்த பிறகுதான் ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வந்தது. சீனத்தில் பெரும் அமைதி என்று பொருள். 1876 முதல் 1937 வரை பேராக்கின் தலைநகரம் அதுதான். ஈப்போ அப்புறம் வந்தது.

ஈயம் தோண்டித் தீர்ந்த குழிகளைப் பூங்காவாக மாற்றும் வேலை 1880-இல் தொடங்கியது. கர்னல் வாக்கர் என்ற ஆங்கில அதிகாரியின் யோசனை அது. மலாயாவில் ஆங்கிலேயர் காலத்தில் உருவான முதல் பொதுப் பூங்கா இதுதான். நம் பினாங்குத் தாவரவியல் பூங்கா 1884.

ரயிலுக்கு வருகிறேன். 1885 ஜூன் 1-ஆம் தேதி மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 13 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். ஈயத்தைக் கடல் துறைக்குக் கொண்டுபோகத்தான் அந்தத் தண்டவாளம். அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினரை (கட்டுமான வேலை செய்யும் படை) வரவழைத்தார்கள். அதன் பிறகு தண்டவாளம் போட்ட கைகளிலும், அதைப் பராமரித்த கைகளிலும், நிலையத்தில் கணக்கு எழுதிய கைகளிலும் தமிழ்க் கைகள் எத்தனையோ. உங்கள் தாத்தா அந்த வரிசையில் வந்தவர். அப்பாவை ரயிலில்தான் அழைத்துப் போக வேண்டும் அம்மா. இதில் நான் தம்பியின் பக்கம் இல்லை.

நேரம் இருந்தால் இரண்டு இடம் சொல்வேன். பேராக் அருங்காட்சியகம், 1883, நாட்டிலேயே பழையது, ஏரியிலிருந்து பக்கம்தான். அடுத்து மலையடிவாரம் போகும் வழியில் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். 500 பேருக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். சாலைக்கு ஒருபுறம் கிறித்துவர்கள், மறுபுறம் இந்திய, கூர்க்கா வீரர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் ஒருபுறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நர்ஸ் அக்கா | சனி, மதியம் 12.20

ஆசிரியர் ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் கல்லறை இந்தப் பயணத்தில் வேண்டாமே. உயிர் பிழைத்து வந்த மனிதர், 40 வருடம் கழித்துப் பிறந்த ஊரைப் பார்க்கப் போகிறார். முதல் முறையிலேயே அவரைக் கல்லறைக்கு அழைத்துப் போனால் வீட்டுப் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்?

பழைய ஆசிரியர் | சனி, மதியம் 12.45

பெரியவர்கள் சங்கடப்படுவார்கள் என்பது எனக்கும் தெரியும் அம்மா. நான் சொல்வது அது சுடுகாடு மாதிரியான இடம் இல்லை என்பதுதான். புல் வெட்டி, செடி வைத்து, அத்தனை சுத்தமாகப் பராமரிக்கிறார்கள். போர் முடிந்த பிறகு சண்டை நடந்த காடுகளிலிருந்தும், கிராமத்து இடுகாடுகளிலிருந்தும் எடுத்து வந்து அங்கே சேர்த்த வீரர்களின் உடல்கள் அவை. வயது 20, 22 என்று கல்லில் இருக்கும். இந்தியப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் தலை குனிய ஆள் வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. ஆனால் இந்த முறை வேண்டாம் என்றால் வேண்டாம், நீங்கள் சொல்வதும் சரிதான்.

செந்தூல் வாசி | சனி, மாலை 4.02

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன், குறுக்கே வந்ததற்கு மன்னியுங்கள். நாங்கள் போன வருடம் இ.டி.எஸ். பிடித்துத் தைப்பிங் போனோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம், அதனால் மதியம்தான் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு மணிக்கு வானம் இருண்டது. மூன்று மணிக்கு எதிர்க்கரை தெரியவில்லை. பிள்ளைகளோடு ஒரு மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். குடை இருந்தது, பயனில்லை, மழை பக்கவாட்டில் அடித்தது. எங்களைப்போல மதியம் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் பக்கம் ஏன் அப்படிப் பெய்வதில்லை?

கமுந்திங் பையன் | சனி, மாலை 4.40

மலைதான் காரணம் அண்ணா. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று, ஊருக்குப் பின்னாலேயே செங்குத்தாக நிற்கும் பிந்தாங் மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. மேலே போனால் குளிர்ந்து மேகமாகிறது, மதிய வெயிலில் இன்னும் பொங்கி, சாயங்காலம் எங்கள் தலையில் கொட்டுகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். தீபகற்ப மலேசியாவில் அதிகம் நனையும் நகரம் எங்கள் ஊர்தான். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம், என் தாத்தா சொல்வார்.

ஆனால் அந்த மரங்கள் அப்படி வளர்ந்ததும் அந்த மழையால்தான். தூங்குமூஞ்சி மரம் நம் நாட்டு மரமே இல்லை, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும், வானம் இருண்டாலும் மூடும். மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்கிறார்கள், பொக்கோ புக்குல் லீமா. ஏரிக்கரையில் இலை மூட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு வண்டியை நோக்கி நடந்த ஆட்கள் நாங்கள். அக்கா, அப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று: பாலத்துப் பலகையிலும் தண்ணீர் ஓரத்துச் சிமெண்டிலும் பாசி இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரங்கு இருக்கிறது, பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் மகள் | சனி, இரவு 8.15

கேட்டேன் தம்பி. "இலை மூடினா எங்கம்மா கொடித்துணியை எடுக்க ஓடுவாங்க" என்றார். பாட்டியைப் பற்றி அவர் பேசி ரொம்ப நாள் ஆயிற்று.

வரும் சனிக்கிழமை போகிறோம். காலையில் முதல் கொமுட்டர். ஏரி மட்டும்தான். ஆசிரியர் ஐயா, கல்லறையும் அருங்காட்சியகமும் அடுத்த முறைக்கு.

பழைய ஆசிரியர் | சனி, இரவு 8.50

நல்ல முடிவு. கடைசியாக ஒன்றே ஒன்று, இதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம், மனதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் ரயில் போய்ச் சேர்ந்த போர்ட் வெல்ட் இப்போது கோலா செப்பேத்தாங். தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை. ஆனால் பெயர்ப்பலகை அதே இடத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது.

ஆயர் ஈத்தாம் மகள் | அடுத்த ஞாயிறு, காலை 7.30

போய் வந்துவிட்டோம். நேற்று இரவே எழுத நினைத்தேன், கை ஓயவில்லை.

ரயிலில் ஏறியதிலிருந்து அப்பா ஜன்னலை விடவில்லை. பாரிட் புந்தார் தாண்டி வயல்வெளி வந்ததும் "இது அப்படியே இருக்கு" என்றார். பாகான் செராய் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். தைப்பிங் நிலையத்தில் சொன்னபடி கடைசியாக இறங்கினோம். தம்பி காரோடு வாசலில் நின்றான்.

ஏரிக்கு ஒன்பது மணிக்குள் வந்துவிட்டோம். இரவு பெய்த மழையில் தரை ஈரமாக இருந்தது, வெயில் ஏறவில்லை. கமுந்திங் தம்பி சொன்ன மாதிரியே மலை இடுப்புவரை மேகத்தில் இருந்தது. தூங்குமூஞ்சிப் பாதையின் தொடக்கத்தில் அப்பா நின்றார். ஒரு கிளை அவர் தோளளவுக்கு வளைந்து தண்ணீருக்குப் போகிறது. அதன் மேல் முழுக்கப் பெரணி முளைத்திருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் பக்கத்தில் நின்றோம்.

நர்ஸ் அக்கா கணக்குப்படி பத்து நிமிடம் நடை, ஐந்து நிமிடம் உட்காருதல். மூன்றாவது முறை உட்காரச் சொன்னபோது "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுத்தேன், மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கத்தான். வாங்கவில்லை. வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: இந்த இடத்தில் தாத்தா தூண்டில் போட்டு மீன் பிடிப்பார், இந்த மேட்டில் சீனப் பையன்களோடு காற்றாடி விட்டோம், இங்கேதான் உங்க பெரியப்பா தண்ணியில விழுந்தது. பெரியப்பா தண்ணீரில் விழுந்த கதை எங்களில் யாருக்குமே தெரியாது. எல்லாம் சேர்த்து 50 நிமிடம் நடந்திருக்கிறார். கார்களுக்கு நடுவில் 15 நிமிடம் நடந்தவர்.

பதினொன்றரைக்குச் சாப்பிட்டோம். அப்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிளம்பலாம் என்று தம்பி சாவியை எடுத்தபோது, ஆசிரியர் ஐயா, உங்கள் பலகையைப் பற்றி நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "போர்ட் வெல்ட் போர்டு இன்னும் இருக்கா?" என்று அப்பா கேட்ட விதத்தில் தம்பி வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டான். அரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம்.

கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா கிட்டே போய், மேலே ஆங்கிலத்தையோ ஜாவியையோ (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) பார்க்காமல், தமிழ் எழுத்தைத் தேடி, சின்னப் பிள்ளை வாசிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தது மூன்று வருடம்தான். முதன்முதலில் வாசிக்கக் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லையாம், தாத்தா தோளில் உட்கார்ந்து ஸ்டேஷன் பலகைகளைப் பார்த்துத்தானாம். இதுவும் எனக்குத் தெரியாது.

மழை வந்துவிட்டது. நனைந்துகொண்டேதான் காருக்கு ஓடினோம். அவரை ஓட விடவில்லை அக்கா, குடை பிடித்து நடத்தித்தான் கூட்டி வந்தேன்.

நர்ஸ் அக்கா | ஞாயிறு, காலை 8.05

கண் கலங்கிவிட்டது தங்கச்சி. இன்று அவருக்கு முழு ஓய்வு. கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாளையிலிருந்து 20 நிமிடம், தாவரவியல் பூங்காவில்.

பழைய ஆசிரியர் | ஞாயிறு, காலை 8.40

அம்மா, அந்தக் கதைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில், காற்றாடி, ஸ்டேஷன் பலகை எல்லாவற்றையும். தேதியோடு. ரயில்வே குவாட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. என் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டேன்.

தண்ணீர்மலை நடையர் | ஞாயிறு, காலை 9.15

50 நிமிடம்! வாழ்த்துகள். எங்கள் குழு புதன்கிழமை காலையில் பூங்காவின் உட்பாதையில் மெதுவாக நடக்கிறது, ஏற்றம் கிடையாது. அப்பாவை அழைத்து வாருங்கள். அதே வயதில் நாலு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் பழைய ரயில்வேக்காரர். தூணைச் சுற்றும் வேலை இனி வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் மகள் | ஞாயிறு, மாலை 6.20

புதன்கிழமை வருகிறோம் ஐயா. ரயில்வேக்காரர் என்றதும் அப்பா சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சேதி. கல்லறையில் இந்தியப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று மதியம் அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேர் தெரியாதவங்களுக்குப் பூ வைக்கலாமா?" என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். நீங்களும் வர முடியுமா?

பழைய ஆசிரியர் | ஞாயிறு, மாலை 6.31

வருகிறேன்.

கமுந்திங் பையன் | ஞாயிறு, இரவு 7.10

அந்த வாரம் நானும் வீட்டில்தான் இருப்பேன். காலையில் நிலையத்து வாசலில் காரோடு நிற்கிறேன், உங்கள் தம்பி வண்டி ஓட்டி அலைய வேண்டாம். பூ அம்மா கட்டித் தருவதாகச் சொல்கிறார். எத்தனை முழம் வேண்டும் என்று மட்டும் முதல் நாள் சொல்லிவிடுங்கள்.